பந்தியில் யாரையும் ஊர் பேர் கேட்பதில்லை

(ஆண்டு விழாவில் அன்னதானக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

அன்னதானத்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி தலைவர் பணித்திருக்கிறார். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்தியவனிடம் பத்து நிமிடம் என்பது, பசித்து வந்தவனுக்கு ஒரு கரண்டி சோறு வைப்பதைப் போன்றது. ஆனாலும் முயல்கிறேன். மடப்பள்ளியில் சாம்பார் கொதித்துக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

நம் குழுவுக்கு அண்மையில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நெடுங்காலமாக நமக்கு உதவி வருபவர். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். "பந்தியில் யார் யாரோ உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பாதிப்பேர் நம் கோயிலுக்கு வருகிறவர்களே இல்லை. நம் பணம் நம் மக்களுக்குப் போய்ச் சேரவேண்டாமா? சீட்டு அச்சடித்து, சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் இலை போடலாமே" என்பது அதன் சாரம். குழுவிலும் இரண்டு மூன்று பேர் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். இன்று நான் பேசப்போவது அந்தக் கடிதத்துக்குப் பதில்.

முதலில் "நம் மக்கள்" என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். குயின் ஸ்திரீட்டில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் வாசலில் நின்று பாருங்கள். அடுத்த தெருவில், பழைய பிட் ஸ்திரீட்டில், குவான் யின் கோயில் இருக்கிறது. வடக்கே நாலு எட்டு வைத்தால் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். தெற்கே நடந்தால் 1801இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். மாரியம்மன் கோயில் மணி ஒலிக்கும்போது அது இத்தனை பேர் காதிலும் விழுகிறது. அது அவளுக்குத் தெரியாமலா அங்கே வந்து உட்கார்ந்தாள்?

இன்னொரு செய்தி நம்மில் பலருக்குத் தெரியாது. 1905இல் அன்றைய ஆங்கில அரசு அறக்கட்டளைச் சட்டம் கொண்டுவந்தபோது, முஸ்லிம் சொத்துகளையும் இந்துச் சொத்துகளையும் கவனிக்க ஒரே வாரியத்தைத்தான் அமைத்தார்கள். பள்ளிவாசல் கடை வாடகையும் கோயில் கடை வாடகையும் ஒரே மேசையில் கணக்குப் பார்க்கப்பட்டன. பின்னால் தனித்தனியாகப் பிரிந்தோம், அது சரிதான். ஆனாலும் பினாங்கில் நம் அறநிலைய வரலாற்றின் முதல் ஏடு, பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து எழுதப்பட்ட ஏடு என்பதை மறக்கவேண்டாம்.

நான் சிறுவனாக இருந்த காலத்தில் நகரின் உட்பகுதியில் ஒரே வீட்டில் நாலு குடும்பம் இருக்கும். கீழே சீனர் கடை, மேலே நாங்கள், பின்கட்டில் ஒரு மாமாக் குடும்பம். நோன்பு மாதம் வந்தால் மாலையில் தூக்குச்சட்டியோடு பள்ளிவாசலுக்குப் போய் நோன்புக் கஞ்சி வாங்கி வருவார்கள். எங்கள் வீட்டில் மாமிசம் இல்லை என்பதால் எங்களுக்குக் கஞ்சிக்குப் பதில் பேரீச்சம்பழம் வரும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் கஞ்சி இன்றும் கப்பித்தான் பள்ளிவாசலில் நோன்பு மாதத்தில் காய்ச்சப்படுகிறது. வரிசையில் நிற்பவர்களை யாரும் சீட்டுக் கேட்பதில்லை.

சீனர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் பந்திக்கு வரும் சீன மூதாட்டிகள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்று நினைப்பது தவறு. குவான் யின் அம்மனை வணங்குகிறவர்களில் பலர் மாட்டிறைச்சியைத் தொடுவதில்லை. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறி உண்கிறவர்கள் பினாங்கில் எத்தனையோ பேர். ஒன்பது பேரரசர் திருவிழாவின் ஒன்பது நாளும் தெருவெங்கும் மஞ்சள் கொடி கட்டி மரக்கறிக் கடைகள் போட்டுவிடுவார்கள். ஹொக்கியன் மொழியில் அதற்கு "ச்சியா சாய்" என்று பெயர். அதிலும் கடுமையாக நோற்பவர்கள் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. நம் வீடுகளில் விரத நாளில் என்ன செய்கிறோம்? அதே வெங்காயம், அதே பூண்டு. இதை அறிந்த பிறகு விசேஷ நாள் சமையலில் சாம்பாரையும் கூட்டையும் வெங்காயம் பூண்டு இல்லாமல் வைக்கச் சொல்லிவிட்டேன். பெருங்காயம் ஒரு சிட்டிகை கூட. சமையற்காரருக்கு முதலில் மனமில்லை, ருசி போய்விடும் என்றார். இலைகள் துடைத்தாற்போல் திரும்பி வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. ஒரு சீனப் பாட்டி ரசத்தை மட்டும் தம்ளரில் வாங்கி, சூப்பைப் போல் மூன்று முறை குடிப்பார். அவருக்குக் கரண்டியும் முள்கரண்டியும் வைத்திருக்கிறோம். கையால்தான் சாப்பிடவேண்டும் என்று யாரையும் வற்புறுத்துவதில்லை.

முஸ்லிம் அண்டையர் விஷயம் சற்று நுணுக்கமானது. அதை மூடி மறைப்பதில் பயனில்லை. சுவாமிக்கு நைவேத்தியம் ஆனதை அவர்களில் பலர் உண்ணமாட்டார்கள். அது அவர்கள் மார்க்கம். அதில் நமக்கு வருத்தம் எதற்கு? நம் மடப்பள்ளியில் நைவேத்தியத்துக்குத் தனிப் பாத்திரம், தனிச் சமையல். பந்திக்கான அண்டா வேறு. யாராவது கேட்டால் இது படைத்தது, இது படைக்காதது என்று உள்ளபடி சொல்லவேண்டும் என்று பரிமாறுகிற பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் உண்பதும் உண்ணாததும் வந்தவர் விருப்பம். சிலர் மோர் மட்டும் குடித்துவிட்டு, கொஞ்சநேரம் பேசிவிட்டுப் போவார்கள். மோருக்கு வந்தவரும் நமக்கு விருந்தாளிதான்.

தைப்பூசத்தில் இந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? 1894இல் வந்த நகரத்தாரின் வெள்ளி ரதம் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்பட்டால், சீன வியாபாரிகள் கடை வாசலில் தேங்காயை மலைபோல் குவித்து வைத்து உடைக்கிறார்கள். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல்கள். யாருக்கு வேண்டுமானாலும் நீர்மோர், பானகம், தயிர்சாதம். அங்கே ஒருவரைப் பார்த்து நீ யார் என்று கேட்டால் கேட்டவரைத்தான் ஊர் சிரிக்கும். மூன்று நாள் இருக்கிற மனசு மற்ற நாளில் எங்கே போகிறது? 2021இல் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டால் தைப்பூச ஊர்வலமே இல்லாமல் தெரு வெறிச்சோடிக் கிடந்தபோது, என்னிடம் முதலில் விசாரித்தவர் பக்கத்துத் தெருச் சீனக் கடைக்காரர்தான். "ரதம் வராதா, வாத்தியார்?" என்றார்.

பிரிக்கில்ன் சாலையில் 1903இல் திறந்த சீக்கியர்களின் குருத்வாராவுக்கும் போயிருக்கிறேன். பார்க்காதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்து சாப்பிடுகிறார்கள். பாத்திரம் கழுவுகிற இடத்தில் டாக்டரும் நிற்கிறார், லாரி ஓட்டுநரும் நிற்கிறார். நாம் அதைப் பார்த்து வியக்கிறோம். நம்மிடம் இல்லாததா? வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே பசி ஒன்றுதான் தகுதி.

இனிக் கடிதத்தின் உள்ளே இருக்கும் உண்மையான வருத்தத்துக்கு வருகிறேன். பழைய முகங்கள் இல்லை, புது முகங்கள் வந்துவிட்டன. அதுதானே? உண்மைதான். ஏன் என்று யோசித்தோமா?

1948க்கு முன் கட்டிய வீடுகளுக்கு வாடகையை உயர்த்த முடியாதபடி ஒரு சட்டம் இருந்தது. 1997இல் அதை நீக்கத் தீர்மானித்து, 1999 டிசம்பரோடு அது முடிந்தது. ஐம்பது அறுபது வெள்ளி வாடகையில் மூன்று தலைமுறை இருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். மீன் விற்றவர், பூக்கட்டியவர், கூடை பின்னியவர், தங்கப் பட்டறைக்காரர் எல்லாரும் ஆயர் ஈத்தாமுக்கும் பாயான் பாருவுக்கும் ஆற்றைத் தாண்டி பட்டர்வொர்த்துக்கும் போனார்கள். (கடலை ஆறு என்பது எங்கள் வீட்டு வழக்கம், மன்னிக்கவும்.) 2008 ஜூலையில் யுனெஸ்கோ நம் நகரை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பெருமைதான். வீடுகள் ஹோட்டல்கள் ஆயின. சுவரில் படம் வரைந்தார்கள், அதன் முன் படம் எடுக்க வந்தார்கள். சுவர் நிலைத்தது, உள்ளே குடியிருந்தவர் போய்விட்டார்.

மணிமேகலையில் ஆபுத்திரன் கதை உங்களுக்கு நினைவிருக்கும். வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருந்தது. நாட்டில் மழை பெய்து வளம் பெருகியதும் அவனிடம் உண்ண ஒருவரும் வரவில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். நம் பக்கத்துக் கடல்தான் அது. வழியில் மணிபல்லவத்தில் தவறி நின்றுவிட்டான். ஆளில்லாத தீவு. ஊட்ட ஒருவரும் இல்லாத இடத்தில் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் துறந்தான். பாத்திரம் நிறைய இருந்தும் உண்பவர் இல்லாத துயரம் அது. குடிகள் வெளியேறிய பிறகு சில ஆண்டுகள் நம் பந்தியிலும் எதிர் வரிசை காலியாகக் கிடந்தது. முப்பது பேருக்காக அண்டாவை இறக்கி வைத்த நாட்கள் உண்டு. அப்போது யாரும் கடிதம் எழுதவில்லை.

இப்போது வருகிறவர்கள் யார்? கட்டட வேலைக்கு வந்த வங்காளதேசப் பிள்ளைகள், மியன்மார்காரர்கள், காவல் வேலை செய்யும் நேப்பாளிகள், மாடி அறையில் தனியாக இருக்கும் சீன முதியவர்கள், பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட நம் தமிழ்ப் பெரியவர்கள். நேப்பாளிப் பையன் சோற்றில் பருப்பை ஊற்றிப் பிசையும்போது அவன் முகத்தைப் பாருங்கள். அவன் ஊரிலும் அதுதான் தினச் சாப்பாடு. நம் பாட்டன் பாட்டிமார் கப்பலை விட்டு இறங்கியபோது அவர்களும் இந்த ஊருக்கு யார் யாரோதான்.

சீட்டுக்குப் பதிலாகப் பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. நடக்க முடியாதவர்களுக்கு இப்போதும் பொட்டலம் அனுப்புகிறோம், அது தொடரும். ஆனால் முழுவதும் பொட்டலம் என்றால் சம்மதமில்லை. பொட்டலம் வாங்குகிறவர் கை நீட்டி வாங்கிவிட்டுப் போய்விடுவார். இலையின் முன் உட்கார்ந்தவருக்கு நாம் குனிந்து பரிமாறுகிறோம், போதுமா என்று கேட்கிறோம், பக்கத்தில் இருப்பவர் உப்பைத் தள்ளிக் கொடுக்கிறார். பேரப்பிள்ளையிடம் மலாயில் பேசிக்கொண்டிருந்த நம் அம்மா ஒருவர், எதிரில் இருந்த சீனப் பாட்டியிடம் ஹொக்கியனில் பேசத் தொடங்கி, இருவரும் ஒரு காலத்தில் ஒரே தெருக் குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள் என்று கண்டுபிடித்தது நம் பந்தியில்தான். கண்ணால் பார்த்தேன்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கொடுப்பவர்களுக்குத் தெரியவேண்டும். முந்நூறு பேருக்கு முப்பத்தைந்து கிலோ அரிசி போதும். புதிதாக வருகிற எழுபது எண்பது பேரால் கூடுவது எட்டு ஒன்பது கிலோ அரிசியும், அதற்கேற்ற பருப்பும் காய்கறியும்தான். அதைவிட அதிகமாக, பாதி உண்டு மூடிய இலைகளில் வீணாகிறது. அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நாம்தான். முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டால் மறுபடி வைப்பது என்ற வழக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். பரிமாறுகிறவர் இரண்டு முறை வாளியோடு நடக்கவேண்டும். நடக்கத்தான் ஆள் இல்லை.

பணம் தருகிறீர்கள், குறை சொல்லவில்லை. ஆள் குறைகிறது. நாற்பது வயதுக்குக் கீழே பரிமாறுகிறவர்கள் ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். என் முழங்கால் இன்னும் இரண்டு ஆண்டு தாங்கும் என்று வைத்தியர் சொல்கிறார். கடிதம் எழுதிய அன்பருக்கும் பதில் அனுப்பிவிட்டேன். சீட்டு வேண்டாம் என்று குழு முடிவு செய்திருப்பதைத் தெரிவித்து, வரும் வெள்ளிக்கிழமை மூன்றாவது வரிசைக்கு அவரே சாம்பார் வாளி எடுக்கவேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மற்றவர்களும் வரலாம். காய் நறுக்கக் காலை ஆறு மணிக்கு, பரிமாற பதினொன்றரைக்கு. கத்தி கொண்டு வாருங்கள், கோயிலில் இருப்பவை மழுங்கிவிட்டன.