கதவும் காவலும்



நான் சட்டம் பயின்றவன் அல்லன். ஆசிரியப் பயிற்சி பெற்று, முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிகளில் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். போலீசார் ஒருவருடைய வீட்டையும் உடலையும் எப்பொழுது சோதனையிடலாம் என்பது பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் கேட்டபோது, வக்கீல் ஒருவரை அழைப்பதன்றோ பொருத்தம் என்றேன். பிறகு எண்ணிப் பார்த்ததில், எனக்கும் இதில் ஒரு தகுதி உண்டென்று தோன்றியது. அது பெருமைக்குரிய தகுதி அன்று. நான் காணாத ஒரு சோதனைக்குச் சாட்சிக் கையெழுத்திட்டவன் நான்.

1986-ஆம் ஆண்டில் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் இளம் ஆசிரியனாக இருந்தேன். ஊரின் பெயர் இங்கே வேண்டுவதில்லை. தேர்த் திருவிழாவுக்கு நாலைந்து நாட்கள் இருந்தன. அவ்வூரில் இரு தரப்பாரிடையே பழைய பகை ஒன்று இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் நாட்டு வெடிகுண்டு வீசப்படும் என்று வதந்தி பரவியிருந்தது. ஒரு நாள் பள்ளி விடும் நேரத்தில் போலீஸ்காரர் ஒருவர் வந்து, "வாத்தியாரய்யா, ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க; ஒரு கையெழுத்துதான்" என்றார்.

சென்றேன். மணல் நிரப்பிய வாளி ஒன்றில் சணல் சுற்றிய ஐந்து உருண்டைகள் இருந்தன. அருகே மகஜர் எழுதி முடிக்கப்பட்டுக் கிடந்தது. மகஜர் என்பது, இன்ன இடத்தில் இன்ன பொருள் இன்னார் முன்னிலையில் எடுக்கப்பட்டது என்று போலீசார் எழுதும் குறிப்பு. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு, இன்னார் வீட்டு நெற்குதிரின் பின்புறத்திலிருந்து, என் கண்ணெதிரே அந்த ஐந்தும் எடுக்கப்பட்டன என்று அதில் கண்டிருந்தது. மூன்று மணிக்கு நான் எட்டாம் வகுப்பில் தனிவட்டி நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுக்காரரின் மகன் என் எதிரே மூன்றாம் பெஞ்சியில் அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

நான் தயங்கியதைக் கண்ட சப்-இன்ஸ்பெக்டர், "திருவிழா நல்லபடியாக நடக்க வேண்டும் சார், ஊர் நன்மைக்குத்தானே" என்றார். அவர் கெட்டவர் என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஊரைப் பற்றிய கவலை அவர் முகத்தில் இருந்தது. நான் கையெழுத்திட்டு, அவர் தருவித்த காபியையும் குடித்துவிட்டு வீடு திரும்பினேன்.

முறையாக நடந்த சோதனை ஒன்றையும் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். அது 2004-ஆம் ஆண்டு. அப்பொழுது நான் வேறோர் ஊரில் தலைமையாசிரியன். தீபாவளிக்குச் சில வாரங்கள் இருந்தன. உரிமம் இல்லாமல் ஒரு வீட்டில் வெடி தயாரிக்கிறார்கள், மருந்து வாடை வீசுகிறது என்று அண்டை வீட்டார் புகார் கொடுத்திருந்தனர். கந்தகமும் வெடியுப்பும் குடியிருப்பின் நடுவே குவிந்து கிடந்தால் ஒரு தெருவே அழியக்கூடும். மாஜிஸ்திரேட்டிடம் சென்று வாரண்டு பெறும்வரை காத்திருக்க முடியாது என்று இன்ஸ்பெக்டர் முடிவு செய்தார்.

இத்தகைய அவசரத்திற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அப்போது நடைமுறையில் இருந்தது 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதன் 165-ஆம் பிரிவின்படி, புலன்விசாரணைக்குத் தேவையான பொருள் ஓரிடத்தில் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, காலதாமதமின்றி வேறு வழியில் அதைப் பெற இயலாது என்று கருதினால், வாரண்டு இல்லாமலே சோதனையிடலாம். ஆனால் அந்தக் காரணத்தையும், தேடப்படும் பொருள் இன்னது என்பதையும் கூடியவரையில் முன்னதாகவே எழுதி வைத்தல் வேண்டும். இந்த 'முன்னதாக' என்னும் சொல்லில்தான் பிரிவின் உயிரே இருக்கிறது என்பது என் எண்ணம். பொருள் கிடைத்த பின்பு காரணம் எழுதுவது எவருக்கும் எளிது. கதவைத் தட்டுவதற்கு முன் எழுதுகிறவர், தமக்கு உண்மையிலேயே காரணம் இருக்கிறதா என்று ஒரு கணமேனும் நின்று பார்த்தாக வேண்டும்.

அந்த இன்ஸ்பெக்டர் எங்கள் பள்ளி அலுவலக மேசையிலேயே அமர்ந்து அதை எழுதினார். அக்கம்பக்கத்தில் வாழும், வழக்கில் தொடர்பற்ற, மதிக்கத்தக்க இருவரேனும் சோதனையைக் காண வேண்டும் என்று நூறாவது பிரிவு கூறியது. அதன்படி எனக்கும் ஊர்ப் பலசரக்குக் கடைக்காரருக்கும் எழுத்து மூலம் அழைப்புக் கொடுத்தார். அப்படி எழுத்தில் அழைக்கப்பட்டவர் தக்க காரணமின்றி மறுத்தால் அதுவும் குற்றமாகும்.

வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "அம்மா, முதலில் எங்களைச் சோதித்துப் பாருங்கள்" என்றார். எனக்கு வியப்பாக இருந்தது. போலீசாரே எதையாவது கொண்டுவந்து வைத்துவிட்டு எடுத்தார்கள் என்ற பேச்சுக்கு இடமின்றி இருக்கவே இவ்வாறு செய்வதாக விளக்கினார். அந்த வீட்டு அம்மாள் கோபக்காரர். இன்ஸ்பெக்டரின் சட்டைப் பைகளை மட்டுமன்றி, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் திறந்து பார்த்தார். பிறகு பரண், குதிர், மாட்டுத் தொழுவம் என்று ஒன்றரை மணி நேரம் தேடினர். ஒரு பெண் மடியில் எதையோ மறைப்பதாக ஐயம் எழுந்தபோது, உடன் வந்த பெண் காவலர்தாம் அவரைத் தனியறையில் சோதித்தார். பெண்ணைப் பெண்ணே, கண்ணியம் குறையாமல் சோதிக்க வேண்டும் என்பது சட்டத்தின் கட்டளை. மடியில் இருந்தது பிள்ளைகளுக்கு வாங்கிய கம்பி மத்தாப்பு!

பட்டியலில் 'கைப்பற்றிய பொருள் ஏதுமில்லை' என்று எழுதி, நாங்கள் கையெழுத்திட்டோம். ஒரு பிரதி அந்த அம்மாளிடம் தரப்பட்டது. பரணிலிருந்து இறக்கிய பானைகளைத் திரும்ப ஏற்றி வைக்காமல் யாரும் போகக் கூடாது என்று அவர் வழி மறித்தார். காவலர்களே ஏற்றி வைத்தனர். அந்தப் பிரதியை அவர் பல நாள் தெருவில் எல்லாரிடமும் காட்டிக்கொண்டிருந்தார் என்று கேள்விப்பட்டேன்.

2024 ஜூலை முதல் நாளிலிருந்து பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. முன்சொன்ன பாதுகாப்புகள் அதன் 103, 185 ஆகிய பிரிவுகளில் இடம்பெற்றுள்ளன. இரண்டு புதுமைகளும் சேர்ந்துள்ளன. சோதனை முழுவதையும், பட்டியலில் கையெழுத்திடுவது உட்பட, ஒலியும் ஒளியுமாகப் பதிவு செய்தல் வேண்டும். அதற்குக் கைத்தொலைபேசியே போதும். வாரண்டின்றிச் செய்யும் சோதனைக்கு எழுதிய காரணத்தின் நகல் 48 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். 1986-இல் இந்தப் பதிவு இருந்திருந்தால் நான் இன்று இந்த ஒலிபெருக்கியின் முன் அமர்ந்திருக்கமாட்டேன்.

இனி, வீட்டை விட்டு வீதிக்கு வருவோம். வீதியில் நடக்கும் மனிதனைப் பாதுகாப்புக்காகத் தடவிச் சோதிக்கலாமா? இந்தக் கேள்வி அமெரிக்க நாட்டில் ஆழமாக ஆராயப்பட்டிருப்பதால் அந்த வழக்கைச் சொல்கிறேன்.

1963 அக்டோபர் 31-ஆம் நாள், ஒஹையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து நகரில் மக்ஃபாடன் என்னும் துப்பறியும் அதிகாரி கடைத்தெருவில் நின்றிருந்தார். 39 ஆண்டு அனுபவமுள்ளவர். இருவர் மாறி மாறி ஒரு கடையின் சன்னலுக்குள் எட்டிப் பார்ப்பதும், தெருமுனைக்குத் திரும்பி வந்து பேசிக்கொள்வதுமாக இருந்தனர். இப்படி ஏறக்குறைய பன்னிரண்டு முறை நடந்தது. மூன்றாமவன் ஒருவனும் வந்து பேசிவிட்டுப் போனான். கொள்ளைக்கு வேவு பார்க்கிறார்கள், கையில் துப்பாக்கியும் இருக்கலாம் என்று அதிகாரி ஐயுற்றார். பிறகு மூவரும் கூடியபோது அவர்களை நெருங்கித் தாம் போலீஸ் அதிகாரி என்று கூறிப் பெயரைக் கேட்டார். அவர்கள் ஏதோ முணுமுணுக்கவே, டெர்ரி என்பவனைத் திருப்பி, மேலங்கியை வெளிப்புறமாகத் தடவினார். உள்ளே துப்பாக்கி இருந்தது. இரண்டாமவனிடமும் ஒன்று இருந்தது. மூன்றாமவனைத் தடவியதில் ஒன்றும் தென்படவில்லை. எனவே அவனுடைய மேலாடைக்குள் அவர் கைவிடவே இல்லை.

அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968-இல், எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, அவர் செய்தது சரியே என்று தீர்ப்பளித்தது. கைது செய்யப் போதிய ஆதாரம் இல்லாவிடினும், எதிரே நிற்பவன் ஆயுதம் தாங்கிய அபாயகரமானவன் என்று எண்ணுவதற்கு, எடுத்துச் சொல்லக்கூடிய காரணம் இருந்தால், ஆயுதத்துக்காக மட்டும் மேலாடையைத் தடவிப் பார்க்கலாம். வெறும் உள்ளுணர்வு போதாது. மூன்றாமவன் விஷயத்தில் மக்ஃபாடன் கையை எங்கே நிறுத்தினார் என்பதைத் தீர்ப்பு கருத்தோடு குறிப்பிடுகிறது.

இந்தச் சிறு வாயில் பின்னாளில் எவ்வளவு அகன்றது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 2011-ஆம் ஆண்டில் மட்டும் நியூயார்க் நகரப் போலீசார் 6,85,000-க்கும் மேற்பட்ட முறை மக்களை வீதியில் நிறுத்தினர். பத்தில் ஏறக்குறைய ஒன்பது முறை, நிறுத்தப்பட்டவர்மீது நடவடிக்கை எதுவும் இல்லை. நிறுத்தப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழியினரும் ஆவர். அது நடத்தப்பட்ட முறை அரசமைப்புக்கு முரணானது என்று 2013-இல் நீதிமன்றம் கூறிற்று. மக்ஃபாடன் பன்னிரண்டு முறை பார்த்த பிறகே நெருங்கினார் என்பதைப் பின்வந்தவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்.

வீட்டின் செய்தி இன்னும் கண்டிப்பானது. 2006-இல் அதே உச்ச நீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. நள்ளிரவு கடந்து மூன்று மணியளவில் ஒரு வீட்டில் கூச்சல். போலீசார் சென்றபோது, உள்ளே ஒருவர் குத்துப்பட்டு இரத்தம் உமிழ்வது வெளியிலிருந்தே தெரிந்தது. வாரண்டின்றி உள்ளே சென்றது சரி என்றார்கள். 2021-இல் வேறொன்று. மனம் நொந்த ஒருவர் துப்பாக்கியை மேசைமீது வைத்து, தம்மைச் சுட்டுவிடுமாறு மனைவியிடம் கூறினார். மறுநாள் போலீசார் அவரை மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, அவர் இல்லாத வீட்டிற்குள் புகுந்து துப்பாக்கிகளை எடுத்துச் சென்றனர். எண்ணம் நல்லதுதான். ஆயினும், மக்களைப் பேணும் பொதுக் கடமை என்பது வீட்டிற்குள் நுழைவதற்குத் தனி உரிமை ஆகாது என்று நீதிபதிகள் ஒன்பதின்மரும் ஒருமுகமாகக் கூறினர்.

நம் நாட்டிலோ, 1954-இல் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், அமெரிக்காவில் உள்ளது போன்ற அந்தரங்க உரிமை நம் அரசமைப்பில் இல்லை என்று கருதினர். 2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் அந்தக் கருத்தை மாற்றி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றனர். எனினும் ஒரு வேறுபாடு நீடிக்கிறது. முறைதவறிய சோதனையில் கிடைத்த பொருளை அமெரிக்க நீதிமன்றம் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். நம் நீதிமன்றங்கள் அந்தக் காரணத்துக்காக மட்டும் ஒதுக்குவதில்லை; சாட்சியத்தை மிகுந்த எச்சரிக்கையோடு ஆராய்கின்றன. ஆகவே இங்கே எல்லாம் சாட்சியின் சொல்லையே பொறுத்திருக்கிறது.

என் சொல்லும் ஒரு நாள் ஆராயப்பட்டது. 1988-இல் எனக்குச் சம்மன் வந்தது. கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் அமைதியானவர். அந்த வீட்டிற்கு எத்தனை வாசல், கிணறு முன்புறமா பின்புறமா என்று கேட்டார். நான் விழித்தேன். பிறகு எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டையும் கால அட்டவணையையும் எடுத்து வைத்து, "ஐயா, நீங்கள் ஆசிரியர். அன்று மூன்று மணிக்கு எங்கே இருந்தீர்கள்?" என்றார். வகுப்பில் இருந்தேன் என்று உண்மையைச் சொன்னேன். நீதிபதி எழுதுவதை நிறுத்தி என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை.

வழக்குத் தள்ளுபடியாயிற்று. குண்டுகள் அந்தக் குதிரின் பின்னால் உண்மையிலேயே இருந்தனவா என்பது எனக்குத் தெரியாது. இருந்திருந்தால், ஒரு கொடியவன் என்னால் தப்பினான். இல்லாதிருந்தால், குற்றமற்ற ஒருவர் என் கையெழுத்தால் மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். இரண்டில் எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்தவன் நான்தான்.

அவருடைய மகன், தந்தை சிறைக்குச் சென்ற சில நாட்களிலேயே பள்ளியை விட்டு நின்றுவிட்டான். ஐந்தாறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் அவனைக் கண்டேன். அடையாளம் கண்டுகொண்டு, "வணக்கம் சார்" என்று கண்ணாடித் தம்ளரை என் முன் வைத்தான். காசு கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டான்.