போர்க்காலத்தில் ஒரு வானொலி: பிபிசி, 1939–1945



போரில் தோற்றுக்கொண்டிருக்கும் நாட்டின் வானொலி, அந்தத் தோல்வியை வாய்விட்டுச் சொல்லலாமா? 1940-இல் பிரிட்டனின் பிபிசி முன் நின்ற கேள்வி இதுதான். நார்வேயில் அடி, பிரான்சில் அடி. டன்கர்க்கில் படையைக் கப்பலேற்றி மீட்டதே பெரும்பாடு.

பிபிசி எடுத்த எடுப்பிலேயே நல்ல பெயர் வாங்கிவிடவில்லை. போர் மூண்ட முதல் வாரங்களில் அது ஒலிபரப்பியதில் பெரும்பகுதி அரசு அறிவிப்பும் சாண்டி மக்பர்சனின் ஆர்கன் இசையும்தான். செய்திப் பசியில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்கள் ஜெர்மன் வானொலியில் ஆங்கிலத்தில் பேசிய வில்லியம் ஜாய்ஸின் பக்கம் முள்ளைத் திருப்பின. உள்ளூர்க்காரன் வாயை மூடிக்கொண்டால் எதிரி பேசுவதைத்தானே கேட்பார்கள்! இதைப் பிபிசி சீக்கிரமே புரிந்துகொண்டது.

அதுவரை செய்தி வாசிப்பவருக்குப் பெயர் கிடையாது. படையெடுப்பு அச்சம் வந்த 1940-இல், எதிரி போலிக் குரலில் பொய்ச் செய்தி வாசித்துவிடக்கூடும் என்று, ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லிவிட்டு வாசிக்கத் தொடங்கினார்கள். ஆல்வர் லிடெல், புரூஸ் பெல்ஃப்ரேஜ் போன்ற பெயர்கள் வீடுதோறும் பழகிப்போயின.

அதே ஆண்டு அக்டோபர் 15 இரவு லண்டன் ஒலிபரப்பு மாளிகையில் குண்டு விழுந்தது. உடனே வெடிக்காமல் உள்ளே கிடந்த அந்தக் குண்டு, பெல்ஃப்ரேஜ் ஒன்பது மணிச் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது வெடித்தது. ஊழியர்கள் ஏழு பேர் இறந்தார்கள். வானொலியில் கேட்டது ஒரு மந்தமான சத்தம், ஒரு சிறு இடைவெளி, பக்கத்தில் யாரோ ‘பரவாயில்லை’ என்று முணுமுணுத்தது. தாளில் படிந்த சுண்ணத்தூளை ஊதிவிட்டு பெல்ஃப்ரேஜ் மேலே வாசித்தார்.

1941-இல் யார்க்ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைத் தேசியச் செய்தி வாசிக்க வைத்தார்கள். அவருடைய வட்டாரப் பேச்சை ஜெர்மானியர் அவ்வளவு எளிதாகப் போலிசெய்ய முடியாது என்பதும் ஒரு காரணம். நேயர்களோ, அந்த உச்சரிப்பில் வந்தால் செய்தியை நம்பவே முடியவில்லை என்று புகார் எழுதினார்கள். நெல்லைத் தமிழில் மாநிலச் செய்தி வாசித்தால் நாம் மட்டும் என்ன செய்வோம்?

பிபிசி எல்லாவற்றையும் சொன்னது என்று நான் சொல்ல வரவில்லை. 1940 ஜூன் 17-இல் பிரான்சின் சேன்-நசேர் அருகே ‘லங்காஸ்ட்ரியா’ கப்பல் மூழ்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். பிரதமர் சர்ச்சில் தடுத்ததால் வாரக்கணக்கில் செய்தி வெளிவரவில்லை. துணிந்து பொய் சொல்வதைவிட, சொல்லாமல் விடுவதுதான் பிபிசியின் வழியாக இருந்தது. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் வெகுதூரமும் இல்லை.

அப்படியிருந்தும் நாஜிகளின் பிடியிலிருந்த ஐரோப்பா பிபிசியைத்தான் நம்பியது. ஜெர்மனியில் அயல்நாட்டு வானொலி கேட்பதே குற்றம். சிறை உண்டு, மரண தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. அதையும் மீறி ஒலியைத் தணித்துவைத்துக் கேட்டார்கள். 1944 ஜூன் தொடக்கத்தில், நார்மண்டி படையிறக்கத்துக்கு முன், பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்துக்கான சைகையாக வெர்லேன் கவிதை வரிகள் பிபிசியில் வந்தன. ஜெர்மன் உளவுத்துறைக்கு அதன் பொருள் தெரிந்திருந்தும், நார்மண்டியில் இருந்த ஏழாவது படைக்கு எச்சரிக்கை போகவில்லை.

இந்தியாவை நோக்கித் திரும்பியபோதுதான் பிபிசியின் குரல் தடுமாறியது. 1940 மே மாதம் இந்துஸ்தானி ஒலிபரப்பும், 1941 மே மாதம் தமிழில் வாரச் செய்திமடலும் தொடங்கின. கிழக்கு ஒலிபரப்பில் 1941 ஆகஸ்டு முதல் 1943 நவம்பர் வரை வேலை பார்த்தார் எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல். ஐரோப்பாவுக்கு விடுதலை பேசிய பிரிட்டிஷ் அரசு, 1942 ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்களைச் சிறையில் அடைத்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே பெர்லினிலிருந்து சுபாஷ் போஸ் வானொலியில் பேசத் தொடங்கியிருந்தார். இந்த நிலையில் எவ்வளவு நல்ல எழுத்தாளரை உட்காரவைத்தும் என்ன பயன்? பலன் தராத வேலையில் காலமும் பொதுப்பணமும் வீணாகின்றன என்ற எண்ணத்துடன் ஆர்வெல் விலகினார்.

1941-இல் தொடங்கிய அந்தத் தமிழ்ச் செய்திமடல்தான் பின்னாளில், சோ. சிவபாதசுந்தரம் சூட்டிய பெயரில், ‘தமிழோசை’ ஆயிற்று. இலங்கைப் போர்க்காலத்தில் அரசு வானொலி ஒன்று சொன்னது, விடுதலைப் புலிகளின் வானொலியான ‘புலிகளின் குரல்’ வேறொன்று சொன்னது. இரண்டையும் கேட்டவர்கள் இரவில் தமிழோசையையும் போட்டுப் பார்த்தார்கள். மூன்றிலும் வந்த சேதக் கணக்கை ஒத்துப்பார்த்து, எங்கே என்ன நடந்திருக்கும் என்று தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். தமிழோசை சொன்னதையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை.