பழுதுற்ற கிட்டார்



கொல்கத்தா இரவீந்திர சரணியில் நாம் வாங்கிய பழைய கிட்டாரின் தண்டி வளைந்திருந்தது. தந்திகள் உயர்ந்து நின்றன. அழுத்திய விரல் நொந்தது. எறிய மனம் வரவில்லை. தலைமாட்டில் தந்திகள் தங்கும் எலும்புத் துண்டினை மேலும் உயர்த்தி, கருவியை மடியில் கிடத்தி, எஃகுத் துண்டால் தந்தியை வருடினோம். கமகம் பிறந்தது! மெட்டுகளில் தடைப்படாது சுரம் வழுக்கிச் சென்றது. ஹவாய்த் தீவினர் கண்ட இம்முறையிலேயே பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி இராகங்களை வாசித்தார். 1967-இல் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் அவரைக் கேட்கலாம்.

இன்று நம் இல்லத்தில் கிட்டார்கள் நான்கு, அறையோ ஒன்று. ஐந்தாவது வந்தால் ஊருக்குப் புறப்படுவதாக இல்லாள் அறிவித்துவிட்டார். ஆதலின் அம்முதற் கிட்டாரையே, பிரிய மனமின்றி, சங்கத்துச் சிறுவர்களுக்கு அளிக்கின்றோம். மழைக்காலத்தில் தந்திகளைச் சற்றே தளர்த்தி வையுங்கள்.