அரைப்பேர்



கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப்பேர் விழுகிறது. நாமும் லயத்துக்கு வந்து, "இன்னைக்கு எனக்கு அரைப்பேர்தான்" என்கிறோம். நாள் முழுக்க மலையில் நின்றவள் தன் வாயாலேயே தன்னைப் பாதியாக்குகிறாள். ஆபிஸ் பாஷை காம்பரா வரைக்கும் வந்துவிட்டது.

1948இல் பறித்த குடியுரிமைக்காக 2003 சட்டம் வரை போராடிய ஆட்கள் நாம். ஆனாலும் தொரையைக் கண்டால் கை தானாகத் தலைத்துண்டை அவிழ்க்கிறது. யாரும் அவிழ்க்கச் சொல்வதில்லை.

சங்கம் மட்டும் என்ன? கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். தோட்டத் தலைவர் ஆண். பெண்ணுக்கு மாதர் சங்கம், பின்வரிசை. நிறுக்கும்போது எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று அந்தப் பின்வரிசைக்குத்தான் தெரியும். பேச்சுவார்த்தைக்குப் போவதோ முன்வரிசை.

அடுத்த மாதம் கமிட்டித் தெரிவு. தலைவர் பதவிக்கும் பெண்கள் பேர் கொடுக்க வேண்டும்.