பிள்ளைகளுக்கு வேலை கொடுப்போம், அளவாகக் கொடுப்போம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னைப் பேசச் சொன்னபோது, வீட்டு வேலையைப் பற்றிப் பேசுறேன்னு சொன்னேன். நம்ம செய்யுற வேலை இல்லை, நம்ம பிள்ளைங்க வீட்டுல செய்யுற வேலை. "இதுல பேச என்ன இருக்கு?"ன்னு ஒரு அக்கா சிரிச்சாங்க. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க.

இரண்டு வருஷத்துக்கு முன்னாடி, சின்ன வெங்காயம் அறுவடை நேரம். காலையில 6 மணிக்கெல்லாம் நான் கூலிக்குப் போயிடுவேன். வீட்டுக்காரர் லோடு ஏத்தப் போயிடுவார். மாமியாருக்கு முழங்கால் வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. மகன் ஏழாவது, மகள் நாலாவது படிச்சாங்க. நான் உலை வச்சு அரிசி போட்டுட்டு, "வெந்ததும் அடுப்பை நிறுத்திடு"ன்னு மகளிடம் சொல்லிட்டுப் போவேன்.

ஒரு நாள் அவளே கஞ்சி வடிக்கப் போயிருக்கிறாள். துணி நழுவி, பானை சாய்ந்து, கொதிக்கிற கஞ்சி இடது காலில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா பதறிப் போய் பல் விளக்குற பேஸ்ட்டை அப்பிவிட்டார்கள். நான் காட்டுல இருந்து ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்கே நர்சம்மா அந்தப் பேஸ்ட்டைத் துடைச்சு எடுக்கும்போது அவள் கத்தின கத்து இன்னும் என் காதில் இருக்கிறது. "சுட்டா ஓடுற தண்ணியில 20 நிமிஷம் காட்டணும். பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவக் கூடாது"ன்னு சொன்னாங்க. இதை எல்லாரும் மனசுல வச்சுக்குங்க.

அப்புறம் கேட்டாங்க, "இந்தப் பிள்ளையை வடிக்கச் சொன்னது யாரு?" "நான் சொல்லலைங்க, அவளா செஞ்சிட்டா"ன்னு சொன்னேன். சொல்லலைதான். ஆனா செய்யாதேன்னும் சொல்லலை. அதுக்கு முந்தின வாரம் அவள் வடிச்சு வச்சிருந்ததைப் பார்த்து, "என் தங்கம், எனக்கு ஒரு வேலை மிச்சம்"னு மெச்சிக்கிட்டேன். அன்னைக்கு ராத்திரி கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கிட்டு அவள் சொன்னாள், "அடுத்த தடவை சரியா வடிப்பேம்மா." எனக்குத் தூக்கம் வரலை. மூணு வாரம் பள்ளிக்கூடம் போச்சு.

நான் எங்க குழுவுல ஊக்குநர். யார் எவ்வளவு கட்டினாங்க, யாருக்கு எவ்வளவு உள்கடன் போச்சுன்னு பேரேட்டில் எழுதுறவள். அதே மாதிரி ஒரு பழைய நோட்டில் கோடு போட்டு, வீட்டில் யார் என்ன வேலை செய்யுறாங்கன்னு எழுதிப் பார்த்தேன். மகள் பேருக்கு நேராக: வாசல் கூட்டுவது, பாத்திரம் விளக்குவது, தெருக் குழாயில் 6 குடம் தண்ணி, கோழி திறந்துவிடுவது, துணி மடிப்பது, பாட்டிக்கு வெந்நீர், காய் நறுக்குவது, அடுப்பைப் பார்ப்பது. எட்டு வேலை. மகன் பேருக்கு நேராக: கடைக்குப் போவது, செல்போனுக்கு சார்ஜ் போடுவது. அவனுக்கு அவளைவிட மூணு வயசு கூட.

தண்ணிக் குடத்தையும் கணக்குப் பண்ணினேன். எங்க வீட்டுப் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. பள்ளிக்கூடத்தில் எடை பார்த்தப்ப மகள் 23 கிலோ. தன் எடையில் மூணுல ரெண்டு பங்கை இடுப்பில் வச்சுக்கிட்டு ஆறு நடை நடந்திருக்கிறாள். காசுக் கணக்கை எத்தனையோ தடவை சரி பார்த்தவள், இந்தக் கணக்கை ஒரு நாளும் பார்த்ததில்லை.

அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடிச்சதும் அந்த நோட்டை எடுத்துப் படிச்சேன். மற்றவங்களும் சொல்லச் சொல்ல, முக்கால்வாசி வீடு அப்படித்தான் இருந்தது. ஒரு பெரியம்மா மட்டும், "பொம்பளப் புள்ள வேலை கத்துக்கலைன்னா போற இடத்துல நம்மளைத்தானே பேசுவாங்க"ன்னு கேட்டாங்க. நியாயம்தான். பிள்ளை வேலை கத்துக்கத்தான் வேணும். ஆனா ஆம்பளப் புள்ளைக்கும் வயிறு இருக்கே? நம்ம ஊர்ப் பையன்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய், ஒரு ரசம் வைக்கத் தெரியாமல் கடைச் சோறு தின்னு வயித்து வலியோடு வர்றாங்க. அதுக்கும் யாராவது நம்மைப் பேசணும்தானே?

அதனால வேலையே கொடுக்காதீங்கன்னு நான் சொல்லலை. வயசுக்குத் தக்கதாகக் கொடுக்கணும். எங்க குழுவில் பேசிப் பேசி நாங்க வச்சிருக்கிற அளவைச் சொல்கிறேன்.

2, 3 வயசுப் பிள்ளைக்கு வேலை என்பதே நம்ம பின்னாடி சுத்துறதுதான். செருப்பை ஜோடியாக வைக்கட்டும், விளையாட்டுச் சாமானைக் கூடையில் போடட்டும், கோழிக்கு ஒரு கை கம்பு வீசட்டும். பால்வாடியில் சாப்பிட்ட தட்டைக் கொண்டு போய் வைக்கிற பிள்ளை, வீட்டிலும் வைக்கும்.

4, 5 வயசில் வேர்க்கடலை உடைக்கலாம், கீரை ஆயலாம், பூண்டு உரிக்கலாம். காய்ஞ்ச துணியில் தன்னுடையதைப் பொறுக்கி எடுக்கலாம். பாதிக் கீரை கீழேதான் கிடக்கும். பரவாயில்லை.

6லிருந்து 8 வயசு வரைக்கும் திண்ணை கூட்டுவது, பாய் சுருட்டுவது, துணி மடிப்பது, செடிக்குச் சின்னச் செம்பில் தண்ணி ஊத்துவது, சாயங்காலம் கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்ப்பது. குடம் வேண்டாம்.

9லிருந்து 11க்குள் தன் தட்டு டம்ளரைத் தானே கழுவணும். அரிசி அளந்து கல் பொறுக்கலாம், கடைக்குப் போய் மிச்சக் காசுக்குக் கணக்குச் சொல்லலாம். அது படிப்புக்கும் நல்லது.

12க்கு மேல் நாம பக்கத்தில் நின்னு அடுப்பைப் பழக்கலாம். முதலில் காய் நறுக்க, அப்புறம் தோசை ஊத்த, அப்புறம் குழம்பு. தன் யூனிபார்மைத் தானே துவைக்கணும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இதே அளவுதான்.

எந்த வயசுப் பிள்ளைக்கும் கொடுக்கக் கூடாத வேலையும் இருக்கு. கொதிக்கிற பானையை இறக்குவது, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணத்துல தண்ணி சேந்துவது, மோட்டார் சுவிட்ச் போடுவது, மருந்தடிக்கிற டேங்கைக் கழுவுவது, தட்டை வெட்டுற மெஷின் பக்கத்தில் நிற்பது. ஆறு வயசுப் பிள்ளை இடுப்பில் கைக்குழந்தையை ஏத்திட்டு நாம காட்டுக்குப் போவதும் இதில் சேர்ந்ததுதான்.

சட்டமும் இருக்கு. 14 வயசு முடியாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் காட்டுல, வீட்டுத் தொழில்ல கூட, பள்ளிக்கூட நேரம் போக மீதி நேரத்திலும் லீவிலும்தான் உதவலாம், ஆபத்தான வேலை கூடாதுன்னு 2016ல் திருத்தம் வந்திருக்கு. வெங்காயத் தாள் அரியுற நாளில் "இன்னைக்கு ஒரு நாள் லீவு போடு"ன்னு சொல்லுறோமே, அந்த ஒரு நாள் எத்தனை நாளாகுதுன்னு வருகைப் பதிவேட்டைக் கேட்டால் தெரியும்.

இதெல்லாம் சொல்ல சுலபம். எங்க வீட்டில் முதல் மாசம் சண்டைதான். மகனைப் பாத்திரம் விளக்கச் சொன்னதும், "என்னைப் பொம்பளை ஆக்குறியா?"ன்னு கேட்டான். மாமியார் அவன் பக்கம். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லாமல் வெளியே போயிட்டார். அவன் விளக்கின சட்டியில் எண்ணெய் போகலை. பிடுங்கித் திரும்ப விளக்கத் தோணுச்சு, கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். அவன் கண்ணு முன்னால நாம திரும்பச் செய்தால் மறுநாள் அவன் செய்ய மாட்டான். ஒரு மாசம் கழிச்சு ஒரு நாள், வீட்டுக்காரர் சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக் கழுவி வச்சார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துட்டேன்.

இப்போ தண்ணி எடுப்பது மகனும் அவங்க அப்பாவும். கஞ்சி வடிப்பது நான் மட்டும். மகன் சில நாள் மறந்துட்டு விளையாடப் போயிடுவான், திட்டுவேன். மகள் வாசல் கூட்டுகிறாள், துணி மடிக்கிறாள், மீதி நேரம் தெருவில் பாண்டி ஆடுகிறாள். காலில் தழும்பு இருக்கு, அது போகாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் மெச்சிக்கிட்ட வார்த்தைதான் ஞாபகம் வருது.

கூட்டமைப்பு சகோதரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த குழுக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாளில் உங்க வீட்டில் யார் யாருக்கு என்ன வேலைன்னு எழுதிக்கிட்டு வாங்க. எழுதத் தெரியாதவங்க பிள்ளையை எழுதச் சொல்லுங்க. அப்போ அது மனசுல உள்ளதும் வெளியே வரும். சேமிப்பு வாங்கி முடிச்சதும் ஒரு பத்து நிமிஷம் அதைப் பேசுங்க.