கரிப் போர்வை



தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோடு, கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த ஊர். ஒரு கரண்டிச் சர்க்கரையை இரும்புச் சட்டியில் இட்டுச் சூடேற்றினால் அது உருகும், பழுப்பேறும், முடிவில் கறுத்துக் கரியாகும். சர்க்கரையிலுள்ள ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பெரும்பாலும் நீராவியாக வெளியேறிவிட, கரி எஞ்சுகின்றது. அடுக்களையில் வீணென்று எறியப்படும் இக்கரி, மின்கல ஆராய்ச்சியில் ஓர் அரிய பணியைச் செய்கின்றது. அது யாது என்பதே இன்றைய பேச்சு.

கைபேசியிலும் மின்சார வண்டியிலும் உள்ள லிதியம் மின்கலத்தில் இரு மின்வாய்கள் உண்டு. மின்னேற்றும்போது லிதியம் அயனிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும். மின்சாரத்தைப் பயன்படுத்தும்போது திரும்பி வரும். அவற்றைத் தாங்கும் எதிர்மின்வாய் பெரும்பாலும் கிராபைட்டால் ஆனது. ஒரு கிராம் கிராபைட்டு, கணக்கின்படி 372 மில்லியாம்பியர்-மணி மின்னூட்டத்தையே ஏற்கும்.

உலோகமும் கந்தகமும் கூடிய சல்பைடுகளோ இதனினும் மிகுதியாக ஏற்கவல்லவை. பொன்போல் மின்னி மக்களை ஏமாற்றும் பைரைட்டு என்னும் இரும்புச் சல்பைடு, கிராமுக்கு 894 வரை ஏற்கும். இரும்பும் கந்தகமும் கோபால்ட்டைப்போல் அருமையானவை அல்ல, எளிதிற் கிடைப்பவை. மின்னேற்றத்தக்க லிதியம் மின்கலத்தின் தொடக்கமும் ஒரு சல்பைடே. 1970-களில் விட்டிங்ஹாம் என்னும் அறிஞர் டைட்டானியம் சல்பைடைக் கொண்டு அத்தகைய மின்கலத்தை அமைத்தார். 2019-இல் வேதியியல் நோபல் பரிசை வேறு இருவருடன் பகிர்ந்து பெற்றார்.

அவ்வாறாயின் பைரைட்டு ஏன் கிராபைட்டின் இடத்தைப் பிடிக்கவில்லை? லிதியத்தை ஏற்கும்போது அது பருக்கின்றது, விடும்போது சுருங்குகின்றது. இவ்வாறு பலமுறை நிகழவே துகள்கள் பிளந்து உதிர்கின்றன. இடையில் உண்டாகும் லிதியம் சல்பைடு மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. கந்தகச் சேர்மங்கள் சில மின்பகு திரவத்திற் கரைந்தும் போகின்றன. மிகுதியாகச் சேமிக்கும் பொருள், நெடுநாள் நிலைப்பதில்லை!

இங்கேதான் கரி உதவிக்கு வருகின்றது. குளுக்கோசு போன்ற சர்க்கரைக் கரைசலில் சல்பைடுத் துகள்களைத் தோய்த்து, ஆர்கான் போன்ற வாயுவில் சூடேற்றுகின்றனர். காற்றுப் பட்டால் கந்தகம் எரிந்துவிடும். வெப்பம் மிகுந்தாலும் பைரைட்டு தன் கந்தகத்தை இழக்கும். பக்குவமாகச் செய்தால், ஒவ்வொரு துகளின் மீதும் மிக மெல்லிய கரிப் போர்வை படிகின்றது. அது மின்சாரத்திற்கு வழியமைக்கின்றது. உதிரும் துணுக்குகளைச் சிதறாமற் காக்கின்றது. கரைந்தோடுவதையும் ஓரளவு தடுக்கின்றது.

ஆயினும் போர்வை தடித்தால் எடை கூடி, சேமிப்புக் குறையும். மேலும், கிராபைட்டைவிடச் சல்பைடு எதிர்மின்வாய் கலத்தின் மின்னழுத்தத்தைக் குறைப்பதால், ஏற்கும் அளவு மிகுந்த அளவிற்கு ஆற்றல் மிகுவதில்லை. லிதியத்திற்குப் பதிலாக, உப்பிற் கிடைக்கும் சோடியத்தைப் பயன்படுத்தவும் அறிஞர் முயல்கின்றனர். சோடிய அயனி பெரிது. ஆதலின் பருத்தலும் பெரிது. போர்வையின் தேவையும் பெரிது.

இத்துறைக்குத் தமிழகத்திலேயே ஒரு நிலைக்களம் உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்ததால் 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் திறக்கப்பெற்றது காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். மின்கலங்களும் அதன் ஆய்வுப் பொருள்கள்.

நண்பர்களே, சட்டியின் அடியில் ஒட்டிய கரியை இனிக் காணும்போது, அதனை ஒரு வினாவாகக் காணுங்கள்: எத்தனை மெல்லிய போர்வை போதும்? அவ்வினாவிற்கு விடை தேடுவோருள் உங்களில் ஒருவரும் இருத்தல் வேண்டும்.