மண்ணூர் மழைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?

(பருவமழை முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மொட்டை மாடிக் குழாய், மழைநீர் வடிகால் பற்றிப் பேசக் கூடிய கூட்டத்தில் கடல் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கடற்கரை நமக்கு 30 கிலோமீட்டருக்கும் அப்பால்தான் இருக்கிறது. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், நேமம் ஏரிகள் நிரம்பினால் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. அங்கே திறக்கும் நீர் அடையாறு வழியாகக் கடலில் சேர்கிறது. 2015 டிசம்பரில் அந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆற்று நீர் எவ்வளவு வேகமாக வடியும் என்பது கடல் மட்டத்தையும் பொறுத்தது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சென்னைக் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு மீட்டர் வித்தியாசம் வரும். புயல் காற்று நீரைக் கரைப் பக்கம் தள்ளினால் மட்டம் இன்னும் உயரும். அப்போது முகத்துவாரத்தில் ஆறு தயங்கும். பின்னால் இருக்கும் தெருக்களில் வெள்ளம் நிற்கும்.

இதை முன்கூட்டியே சொல்லத்தான் கணினி மாதிரிகள் இருக்கின்றன. கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வரும் நீர், வெளியே போகும் நீர், காற்றின் தள்ளுதல், அடித்தளத்தின் உராய்வு ஆகியவற்றைக் கணக்கிட்டு, அடுத்த சில விநாடிகளில் மட்டம் என்னவாகும் என்று பார்க்கிறார்கள். பிறகு அதற்கடுத்த சில விநாடிகள். 40 மீட்டர் ஆழக் கடலில் ஓர் ஓத அலை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும். ஒரு கிலோமீட்டர் கட்டத்தை 50 விநாடிகளில் கடந்துவிடும். அதனால்தான் இவ்வளவு சிறிய இடைவெளியில் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு, பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், பம்பாய் ஐஐடி, சென்னை ஐஐடி, அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் பங்களிப்போடு சென்னைக்கென 'சி-ஃப்ளோஸ்' என்ற வெள்ள எச்சரிக்கை அமைப்பு உருவானது. மழை, ஆற்று நீர், கடல் மட்டம் மூன்றையும் அது சேர்த்துப் பார்க்கிறது.

ஆனால் எந்தக் கணக்கும் அதற்குள் போடும் தகவலைப் பொறுத்ததுதான். வரைபடத்தில் வாய்க்கால் என்று இருக்கும் இடம் நேரில் மண்மேடாக இருந்தால், கணினி சொல்லும் பாதையில் தண்ணீர் போகாது. ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4 லட்சம் லிட்டர். நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரியில் 33 லாரிக்கு மேல்! மண் இருந்த இடத்தில் சிமென்ட் போட்டால் அதில் பெரும்பகுதி உடனே வெளியே ஓடும்.

அதனால் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன். முதலாவது, நம் மதிலை ஒட்டிய உபரி நீர்க் கால்வாயில் கட்டடக் கழிவு கொட்ட யாரையும் அனுமதிக்கக் கூடாது. அடைப்பு இருந்தால் படம் எடுத்து, அக்டோபருக்கு முன் ஊராட்சியில் மனு கொடுப்போம். இரண்டாவது, மழைநீர் உறிஞ்சு கிணறுகளை இந்த மாதமே தூர்வாருவோம். மூன்றாவது, மொட்டை மாடியில் ஒரு மழைமானி வைத்து, வானிலைத் துறையைப் போலத் தினமும் காலை 8.30 மணிக்கு அளவு குறிப்போம். அந்தப் பொறுப்பை நம் பிள்ளைகளிடமே கொடுக்கலாம்.

இங்கே நாம் தேக்கி வைக்கும் நீர், கடல் ஏறி நிற்கும் நேரத்தில் அடையாற்றுக் கரையில் இருப்பவர்கள் வீட்டுக்குள் போகாத நீர்.